உடன்பிறந்தவர்கள் உறவினர் வீட்டுக்கு வளர வரும்போது

அம்மாவோ அப்பாவோ இறந்தபின் பிள்ளைகளை யார் வளர்ப்பது என்று பேசும்போது, "ஆளுக்கு ஒருத்தரா பார்த்துக்கலாமே" என்று ஒரு குரல் நிச்சயம் எழும். நல்லெண்ணம்தான், ஆனால் முடிந்தவரை அதற்கு இடம் கொடுக்காதீர்கள். போனவரோடு ஒரே வீட்டில் வளர்ந்த நினைவு இந்தப் பிள்ளைகளுக்குள்தான் இருக்கிறது. பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளுக்காக ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்களும், தக்க காரணமின்றி உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக்கூடாது என்கின்றன. பிரித்தே ஆகவேண்டுமென்றால், எந்தக் கிழமை சந்திப்பு, யார் கூட்டிப்போவது என்பதை முதலிலேயே முடிவு செய்து பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

அவர்கள் வருமுன் ஒரு அலமாரியைக் காலி செய்து வையுங்கள். துணி பையிலேயே கிடந்தால் பிள்ளை விருந்தாளியாகவே இருக்கும். ஆரம்பத்தில் எல்லோரும் ஒரே அறையில் படுக்கட்டும். பழைய வீட்டுப் போர்வையையும் தலையணையையும் துவைக்காமல் கொண்டுவாருங்கள். அந்த வாசனை போனால் திரும்ப வராது.

சாவைப் பற்றி நேராகப் பேசுங்கள். "தூங்குறாங்க" என்றால் பிள்ளை தூங்கவே பயப்படும். "வெளியூர் போயிருக்காங்க" என்றால் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஐந்து வயதுக்குக் கீழே பெரும்பாலான பிள்ளைகளுக்கு இறந்தவர் திரும்ப வரமாட்டார் என்பது புரியாது. அதனால் "எப்ப வருவாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்கும், ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொல்லுங்கள். தான் கோபப்பட்டதால்தான் அம்மா இறந்தார் என்று மனசுக்குள் நம்பும் பிள்ளைகளும் உண்டு. பிள்ளை கேட்காவிட்டாலும் "இது உன்னால நடக்கல" என்று சொல்லிவிடுங்கள்.

முதல் சில வாரம் பிள்ளைகள் அதிசயமாக அடங்கியிருப்பார்கள். பழகிவிட்டார்கள் என்று நாம் நிம்மதி அடைவோம். பல நேரம் அது, இங்கிருந்தும் அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். பிறகு அடம், பொய், கதவை அறைதல் என்று தொடங்கினால், இந்த வீடு நம்மைத் தாங்குமா என்று சோதித்துப் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கண்டியுங்கள், தப்பில்லை. ஆனால் "இப்படிச் செஞ்சா வேற இடத்துல விட்டுடுவேன்" என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவே கூடாது.

எல்லாவற்றையும்விட மூத்த பிள்ளையைக் கவனியுங்கள். ராத்திரி சின்னவன் அழுதால் முதலில் எழுவது அவள்தான். துக்கத்துக்கு வருகிறவர்கள் "இனி நீதான் இவனுக்கு அம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பத்து வயதுப் பிள்ளையின் தலையில் அது எவ்வளவு பெரிய பாரம்! யாராவது சொன்னால் அவள் எதிரிலேயே மறுத்துப் பேசுங்கள். அதற்காக அவள் கையிலிருந்து தம்பியை ஒரேயடியாகப் பிடுங்கவும் கூடாது. அவளுக்கு இருக்கும் ஒரே பிடிமானமும் போய்விடும். முதலில் ராத்திரி எழுவதை வாங்கிக்கொள்ளுங்கள். "இனி நான் எழுந்துக்கறேன், அவன் எப்படித் தூங்குவான்னு எனக்குச் சொல்லிக் கொடு" என்று அவளிடமே கேளுங்கள். பிறகு குளிப்பாட்டுவது, வீட்டுப்பாடம். கதை சொல்வது அவளிடமே இருக்கட்டும்.

உங்கள் சொந்தப் பிள்ளைகளிடம் அறை, பொம்மை, உங்கள் நேரம் எதெல்லாம் மாறும் என்று முன்னாலேயே பேசுங்கள். வந்த பிள்ளைகள் உங்களைச் சித்தி என்றோ அத்தை என்றோ இதுவரை கூப்பிட்டபடியே கூப்பிடட்டும்.

இறப்புச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ்கள், தடுப்பூசி அட்டை, பள்ளி ஆவணங்களை ஒரே கோப்பில் வையுங்கள். பாதுகாவலர் பொறுப்பைச் சட்டப்படி எழுத்தில் பெறுங்கள். இல்லாவிட்டால் அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடுவதே சிக்கலாகும்.

துக்கம் இரண்டாம் வருஷம் கூடவும் செய்யலாம். வந்து போகிறவர்கள் குறைந்திருப்பார்கள், பிள்ளைக்கு விவரமும் கூடியிருக்கும். படுக்கையில் சிறுநீர் கழிப்பது, கெட்ட கனவு, படிப்பில் சரிவு ஆகியவை மாதக்கணக்கில் நீடித்தால் மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போங்கள். "நானும் அம்மாகிட்டப் போகணும்" என்று பிள்ளை சொன்னால் அதட்டாமல், சாகணும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.