60 விநாடியில் ஓர் ஆள்: ஃபேண்டஸி பேஸ்பால் ட்ராஃப்ட்டில் முதல் முறை உட்காருபவருக்கு

மார்ச் பிறந்தால் அமெரிக்க ஆபீஸ்களில் யாராவது ஒருவர் ஆள் பிடிக்கக் கிளம்பிவிடுவார். "12 பேர் வேணும், 11 பேர்தான் தேறியிருக்கு. உங்களுக்குத்தான் கிரிக்கெட் தெரியுமே, வந்துடுங்க!" பேட்டும் பந்தும் இருப்பதைத் தவிர கிரிக்கெட்டுக்கும் பேஸ்பாலுக்கும் பெரிய உறவு கிடையாது. ஆனாலும் தலை ஆடிவிடும். ஃபேண்டஸி பேஸ்பால் என்பது நிஜ வீரர்களை ஆளுக்கொரு கற்பனை அணியாகப் பிரித்துக்கொண்டு, சீசன் முழுக்க அவர்கள் எடுக்கும் எண்களை வைத்துப் போட்டி போடுவது. முறை வைத்து வீரர்களைப் பிரித்துக்கொள்ளும் அந்த நிகழ்ச்சிதான் ட்ராஃப்ட்.

ட்ரீம்11 பழகியவருக்கு முதல் அதிர்ச்சி, ஒரு வீரர் ஒருவருக்குத்தான் சொந்தம் என்பது. அங்கே ஒரே கோலியை லட்சம் பேர் வைத்துக்கொள்ள முடிந்தது. இங்கே பேட்டிங், பிட்சிங் இரண்டும் செய்யும் ஒஹ்டானியை ஒருத்தர் எடுத்துவிட்டால் மற்ற 11 பேரும் சீசன் முழுக்க வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

புதியவர் உடனே செய்வது வீரர்களைப் பற்றிப் படிப்பது. முதலில் படிக்க வேண்டியது உங்கள் 12 பேர் லீக்கின் விதிகளை. வழக்கமான ரோட்டோ முறை என்றால் 10 கணக்குகள். பேட்டருக்கு ரன், ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), ஆர்பிஐ (அவர் ஆட்டத்தால் வந்து சேர்ந்த ரன்கள்), ஸ்டோலன் பேஸ் (யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது), சராசரி. பந்து வீசும் பிட்சருக்கு வெற்றி, சேவ் (முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடிப்பது), ஸ்ட்ரைக்அவுட், ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்), விப் (ஒரு இன்னிங்ஸுக்குச் சராசரியாக பேஸ் ஏறவிட்ட ஆட்கள்). ஒவ்வொன்றிலும் முதலிடத்துக்கு 12 புள்ளி, கடைசிக்கு 1. ஹோம் ரன் அடிப்பவர்களாகவே வாங்கிக் குவித்தால் ஹோம் ரனில் 12, ஸ்டோலன் பேஸில் 1. குழம்பு மட்டும் நான்கு வகை, சோறு இல்லை. (ரோட்டோ என்ற பெயர் 1980-இல் இதைத் தொடங்கிய நண்பர்கள் கூடிச் சாப்பிட்ட நியூயார்க் உணவகம் ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. சாப்பாட்டு உவமைக்கு அதுவே அனுமதி.)

பிறகு கேட்ச்சர் (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) ஒருவரா, இருவரா என்று பாருங்கள். இருவர் என்றால் 12 அணிக்கு 24 பேர் வேண்டும். நிஜ ஆட்டம் நடக்கும் மேஜர் லீக்கில் இருப்பதே 30 அணிகள். கடைசியில் மிஞ்சும் கேட்ச்சர் மட்டையைத் துணைக்குத்தான் எடுத்து வருவார். ஒருவர் போதும் என்றால் அவசரமே வேண்டாம்.

பட்டியல் போடும்போது 1, 2, 3 என்று எண் போட்டு மட்டும் விடாதீர்கள். கிட்டத்தட்ட ஒரே தரத்தில் இருப்பவர்களை ஒரு கட்டாக்கிக் கீழே கோடு இழுங்கள். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) இடத்துக்கு முதல் கட்டில் இன்னும் நான்கு பேர் இருந்தால் காத்திருக்கலாம். ஒருவர்தான் மிச்சம் என்றால் இப்போதே எடுக்க வேண்டும். பக்கத்தில் ஏடிபி, அதாவது சராசரியாக எத்தனையாவது ஆளாகப் போகிறார் என்ற எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். 90-ஆவதாகப் போகிறவரை 30-இல் எடுத்தால் யாரும் திட்ட மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள்.

தேர்வு வரிசை ஒவ்வொரு சுற்று முடிவிலும் பாம்பு போலத் திரும்பும். 12-ஆவது இடம் கிடைத்தவருக்கு 12, 13 இரண்டும் சேர்ந்து வரும்; அடுத்தது 36. நடுவில் 22 பேர் போய்விடுவார்கள். அந்த இடைவெளியில்தான் கூத்து நடக்கும். யாரோ ஒருவர் ஒன்பதாவது இன்னிங்ஸை முடித்துவைக்கும் க்ளோசர் ஒருவரை எடுப்பார். அடுத்த ஐந்து நிமிடத்துக்கு, புயல் வருகிறது என்றதும் பால் பாக்கெட்டுக்கு ஓடுவது போல எல்லாரும் க்ளோசர்தான். ஆறாவது ஆளாக ஓடினால் பால் கிடைக்காது, பவுடர்தான். ஓட்டம் தொடங்கும்போது எல்லாரும் கைவிட்ட நல்ல பேட்டரைத் தூக்குவதுதான் லாபம். ஆனால் ஒரு க்ளோசரையாவது முன்கூட்டியே பிடித்தவருக்குத்தான் அந்த நிதானம் வரும்.

ஒரு தேர்வுக்குப் பெரும்பாலும் 60 அல்லது 90 விநாடி. 23 சுற்று, 276 பேர். கடிகாரம் சிவப்பாகும்போது மூளை வெள்ளையாகும். அதனால் உங்கள் முறைக்கு முன்பே வரிசையில் ஐந்து பெயர் போட்டு வையுங்கள். நேரம் முடிந்தால் கணினியே ஒருவரை எடுத்துத் தரும். அதற்கு உங்களிடம் ஏற்கெனவே ஃபர்ஸ்ட் பேஸ்மேன் மூன்று பேர் இருக்கும் கவலையெல்லாம் கிடையாது. கிழக்குக் கரை நேரம் இரவு 8 என்பதைக் கலிஃபோர்னியா நேரம் என்று நினைத்து மூன்று மணி நேரம் தாமதமாக வருபவருக்கு முழு அணியும் அந்தக் கணினிப் புண்ணியவானின் தேர்வுதான்.

அவசரத்தில் பெயரையும் பார்த்து அமுக்குங்கள். மேக்ஸ் மன்சி என்று இருவர் உண்டு. ஒருவர் டாட்ஜர்ஸ், மற்றவர் அத்லெடிக்ஸ். இருவருக்கும் பிறந்தநாள் ஆகஸ்ட் 25, வருடம் மட்டும் 1990, 2002. இருவரையும் அமெச்சூர் ட்ராஃப்ட்டில் எடுத்ததும் அத்லெடிக்ஸ்தான். ஜாதகம் பார்ப்பவரே தடுமாறுவார்.

ட்ராஃப்ட் அன்று காலை காயப் பட்டியலைப் பாருங்கள். முழங்கையில் 'டாமி ஜான்' என்ற அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிட்சர் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். எவ்வளவு பார்த்தாலும் விதி என்று ஒன்று உண்டு: 2023-இல் 41 ஹோம் ரன், 73 ஸ்டோலன் பேஸ் எடுத்த அட்லாண்டா அணியின் அகுன்யாவை அடுத்த வருடம் முதல் ஆளாக எடுத்தவர்கள் ஏராளம், மே மாதமே முழங்கால் போய்விட்டது. சீசனுக்கு முந்தைய ஸ்ப்ரிங் ட்ரெய்னிங் ஆட்டங்களின் சராசரியை மட்டும் நம்பவே வேண்டாம். அங்கே பிட்சர் புது வகைப் பந்துவீச்சைப் பழகிக்கொண்டிருப்பார்.

முறை வைத்து எடுக்காமல் ஏலம் என்றால் வழக்கமாக ஓர் அணிக்கு 260 டாலர், 23 ஆள். கற்பனைப் பணம்தான், கை நடுக்கம் நிஜம். ஒவ்வொரு காலி இடத்துக்கும் 1 டாலர் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத்தான் கேட்க முடியும். முதல் ஆளுக்கு உச்சம் 238. கஞ்சத்தனமாக உட்கார்ந்திருப்பவர் கடைசியில் 40 டாலரை வைத்துக்கொண்டு 1 டாலர் ஆட்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். முதல் அரை மணியில் உங்களுக்கு வேண்டாத பெரிய பெயர்களை ஏலத்துக்கு விடுங்கள், அடுத்தவர் பை காலியாகும்.

எல்லாம் முடிந்து படுக்கப் போகும் முன் அணியை ஒருமுறை திறந்து பாருங்கள். சில தளங்களில் பேட்டர் ஒஹ்டானிக்கு யுடிலிட்டி, அதாவது எந்தப் பேட்டரையும் வைக்கக்கூடிய இடம் மட்டும்தான் செல்லும். அங்கே எட்டாவது சுற்று அவுட்ஃபீல்டர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்; முதல் சுற்றில் எடுத்த ஒஹ்டானி பெஞ்சில் இருப்பார்.