குறட்டைதானே என்று விடாதீர்கள்: மகளின் ஸ்லீப் ஸ்டடி அனுபவம்

மகளுக்கு ஸ்லீப் ஸ்டடி (உடம்பில் ஒயர்களை ஒட்டி, தூக்கத்தில் மூச்சும் ஆக்சிஜனும் எப்படி இருக்கின்றன என்று இரவு முழுக்கப் பதிவு செய்யும் பரிசோதனை) முடிந்து, டான்சில், அடினாய்டு (மூக்கின் பின்புறம் வளரும் சதை) ஆபரேஷனும் ஆகி, இப்போதுதான் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. ஆபரேஷனைவிட அந்த ஓர் இரவுப் பரிசோதனையை நடத்தி வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையை வளர்க்கும் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

இதயத்தில் இருந்த ஓட்டையைக் கைக்குழந்தையாக இருந்தபோதே ஆபரேஷன் செய்து அடைத்துவிட்டார்கள். தைராய்டு, கண் பரிசோதனைகளும் வருடம் தவறாமல் நடக்கின்றன. அதிலெல்லாம் யாரும் எங்களை அலையவிடவில்லை. தூக்கத்தில்தான் மாட்டிக்கொண்டோம்.

மூன்று வயது தாண்டியதும் அவள் நேராகப் படுத்துத் தூங்குவதே குறைந்துபோனது. சம்மணமிட்டு உட்கார்ந்து, அப்படியே முன்னால் மடிந்து, தலையை மெத்தையில் வைத்துத் தூங்குவாள். திருப்பிப் படுக்க வைத்தால் கழுத்தைப் பின்னால் வளைத்து வாயைத் திறந்துகொள்வாள். குறட்டை சத்தம் திடீரென்று நிற்கும். மார்பு மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். அப்புறம் தூக்கிவாரிப்போட்டு மூச்சு திரும்பும். தலையணை வியர்வையில் நனைந்திருக்கும். பகலெல்லாம் சிணுங்கல். ஸ்பீச் தெரபிஸ்ட்டே, "பாதி நேரம் அரைத்தூக்கத்திலதான் உட்கார்ந்திருக்கா" என்றார்.

குழந்தை மருத்துவரிடம் சொன்னோம். "டவுன் சிண்ட்ரோம் குழந்தைங்க எல்லாம் குறட்டை விடும்மா, இது சகஜம்" என்று முடித்துவிட்டார். சகஜம்தான். முகத்தின் நடுப்பகுதி சிறியது, மூச்சுப்பாதை குறுகல், தசைகள் தளர்வு. அதனால் இந்தக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடை வருகிறது. அப்படியானால் முதலில் தேட வேண்டியதே இதைத்தானே? சகஜம் என்று சொல்லி விட்டுவிடுவது என்ன வைத்தியம்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. இரவெல்லாம் ஆக்சிஜன் குறைந்து குறைந்து ஏறினால் கற்பதும் பேச்சும் பாதிக்கும்; இதயத்துக்கும் நுரையீரல் ரத்தக் குழாய்களுக்கும் சுமை கூடும்.

காரியத்தை நகர்த்தியவை இரண்டு. ஒன்று, போனில் எடுத்த வீடியோ. விளக்கைப் போட்டு, மேல்சட்டையை விலக்கி, முகமும் மார்பும் ஒரே காட்சியில் தெரியும்படி, சத்தத்தோடு எடுங்கள். மூச்சு நின்று திரும்பும் இடம் அதில் இருக்க வேண்டும். இன்னொன்று, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். டவுன் சிண்ட்ரோம் உள்ள எல்லாக் குழந்தைக்கும், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூன்றிலிருந்து நான்கு வயதுக்குள் ஸ்லீப் ஸ்டடி செய்யச் சொல்கிறது அது. பெற்றோர் பார்த்துச் சொல்வதை மட்டும் நம்ப முடியாது, குறட்டையே இல்லாமலும் மூச்சுத் தடை இருக்கலாம் என்பதுதான் காரணம். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு வேறொரு ஈ.என்.டி. மருத்துவரிடம் போனோம். வீடியோ முடிவதற்குள் பேனாவை எடுத்துவிட்டார்.

அடுத்து கவுன்ட்டர். கடிதத்தில் "குறட்டை" என்று மட்டும் இருக்கிறது, என்ன பரிசோதனை என்று இல்லை என்று அங்கிருந்தவர் திருப்பி அனுப்பினார். அது சரியாகி வந்தால், அந்தப் பிரிவில் பெரியவர்களை மட்டும்தான் எடுப்பார்களாம். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். குழந்தைகளுக்கான இடத்தில் தேதி வாங்கி, பெட்டி படுக்கையோடு போய் நின்றால், "மூக்கு ஒழுகுது, சளி இருந்தா ரிசல்ட் சரியா வராது" என்று அனுப்பிவிட்டார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் தேதி கொடுத்தபோது ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நீங்கள் தேதி வாங்கும்போதே சளி பிடித்தால் என்ன செய்வது, மாற்றுத் தேதி எவ்வளவு தள்ளிப்போகும் என்று கேட்டுவிடுங்கள். யாராவது ரத்து செய்தால் கூப்பிடச் சொல்லிப் பெயர் கொடுத்து வையுங்கள். எங்களுக்குத் தேதி கிடைத்தது அப்படித்தான்.

அந்த இரவுக்குக் கொஞ்ச நாள் முன்பிருந்தே வீட்டில் பழக்கினோம். பொம்மையின் நெற்றியில் ஸ்டிக்கர், பிறகு அவள் நெற்றியில். வயிற்றைச் சுற்றி மெல்லிய துணி பெல்ட். கால் விரலில் பிளாஸ்டர். மூக்குக் குழாய்க்கு மட்டும் எதுவும் பலிக்கவில்லை; மாட்ட மாட்டப் பிடுங்கினாள். அங்கிருந்த டெக்னீஷியன் அவசரப்படவே இல்லை. தலை ஒயர்களையும் பெல்ட்டையும் முதலில் போட்டுவிட்டு, அவள் அசந்து தூங்கிய பிறகு குழாயை மெல்ல வைத்தார். அந்தப் பொறுமைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்பதுதான் முக்கியமான எண். குழந்தைகளுக்கு 1-க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும், 10-க்கு மேல் கடுமை. எங்கள் மகளுக்கு 14. "சகஜம்" என்று சொன்ன மருத்துவருக்கும் அந்த ரிப்போர்ட்டில் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறோம். அடுத்த குழந்தைக்காவது உடனே எழுதிக் கொடுக்கட்டும்.

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டரை நேரில் பார்த்தே தீருவோம் என்று நின்றோம். இந்தக் குழந்தைகளுக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்வாக இருக்கலாம், கழுத்தை அதிகம் வளைக்கக் கூடாது. மூச்சுக்குழாயும் சிறியது, வயதுக்கு வழக்கமாகப் போடும் ட்யூபைவிடச் சின்னது தேவைப்படலாம். இதய ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கடைசி எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டையும் கேட்டார். "எங்க சிஸ்டத்திலேயே இருக்கும்" என்று கவுன்ட்டரில் சொல்லியிருந்தார்கள், இல்லை. நல்லவேளை, ஃபைலில் என்னிடம் நகல் இருந்தது. அன்றே வீட்டுக்கு அனுப்பாமல் இரவு ஆக்சிஜன் அளவைக் கண்காணிக்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டோம்.

இன்னொன்று கட்டாயம் கேளுங்கள். ஒரே மயக்கத்தில் காதையும் பார்த்துவிடலாம். காதுத் துளை மிகக் குறுகலாக இருப்பதால் வெளியில் வைத்து உள்ளே சரியாகப் பார்க்க முடியாமலே இருந்தது. அன்று சுத்தம் செய்து பார்த்தால் இரண்டு காதிலும் நீர் கோத்திருந்தது. அங்கேயே குரோமெட் (நீர் தேங்காமலிருக்கச் செவிப்பறையில் வைக்கும் சின்னக் குழாய்) வைத்தார்கள், தைராய்டுக்கான ரத்தமும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது தடவை மயக்கம், இரண்டாவது தடவை ஊசி எல்லாம் மிச்சம்.

இப்போது படுத்துத் தூங்குகிறாள். ஆனால் டவுன் சிண்ட்ரோமில் டான்சில் எடுத்த பிறகும் மூச்சுத் தடை மிச்சமிருப்பது அதிகம். அதனால் இன்னொரு ஸ்லீப் ஸ்டடி வேண்டும். "அதான் ஆபரேஷன் ஆயிடுச்சே, எதுக்குத் திரும்ப?" என்று கவுன்ட்டரில் கேட்டார்கள். டாக்டரின் கடிதத்தைக் காட்டி, சளிக்கு மாற்றுத் தேதியும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் வந்தோம்.