அழாமல் பிறந்தவன்

என் மகன் பிறந்ததும் அழவில்லை. மூளைக்கு ஆக்சிஜன் போதவில்லை. 6 மணி நேரத்துக்குள் குளிரூட்டும் சிகிச்சை தொடங்கினார்கள். 72 மணி நேரம் அவன் உடம்பு 33.5 டிகிரி செல்சியஸிலேயே இருந்தது. உள்ளங்காலைத் தொட்டால் சில்லென்றிருக்கும்.

ஆக்சிஜன் குறைந்தால், மூளைச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் வேதிப்பொருளான குளூட்டமேட் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும். அதனால் செல்களுக்குள் கால்சியம் புகுந்து, நாள்கணக்கில் அவற்றை அழிக்கும். குளிர் அந்த வேகத்தைத் தணிக்கிறது. நினைவுக்கு வேண்டிய ஹிப்போகேம்பஸ், சீக்கிரம் அடிபடும் பகுதிகளில் ஒன்று.

இப்போது அவனுக்கு 7 வயது. நன்றாக ஓடுகிறான். ஆனால் "தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டு, செருப்பு போட்டுட்டு வாடா" என்றால் செருப்போடு மட்டும் வந்து நிற்பான். வகுப்பில் அதைத் திமிர் என்றார்கள், எனக்குப் பொறுக்கவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்லப் பழகினேன். முதலில் பாட்டில். அது கைக்கு வந்த பிறகுதான் செருப்பு.