கீட்டோ உணவும் வலிப்பு மாத்திரையும்: ஜனவரி நாட்களின் குறிப்பு

ஜனவரி 6, 2025
இரண்டு மருந்து சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு அடங்காத குழந்தைகளுக்குத்தான் பெரும்பாலும் கீட்டோ உணவு, அதாவது கொழுப்பு மிக அதிகமாகவும் மாவுச்சத்து மிகக் குறைவாகவும் உள்ள உணவு. தொடங்கும் முன் கல்லீரல், சிறுநீரகம், ரத்தக் கொழுப்பு, கார்னிடைன் (கொழுப்பை எரிக்க உடலுக்கு உதவும் பொருள்), அசைல்கார்னிடைன் (அது கொழுப்போடு சேர்ந்த வடிவம்) பரிசோதனைகள் முடிந்திருக்க வேண்டும். கொழுப்பை எரிக்க முடியாத பிறவிக் குறை இருந்தால் இந்த உணவே உயிருக்கு ஆபத்து. எதையும் பார்க்காமல் வீட்டிலேயே வெண்ணெயை அள்ளிக் கொடுப்பவர்களிடம் கொஞ்சம் கடுமையாகத்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஜனவரி 8
18 கிலோ குழந்தை, நாளுக்கு 1200 கலோரி, விகிதம் 4:1, அதாவது புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராமுக்குக் கொழுப்பு 4 கிராம். கொழுப்பு 4 கிராமுக்கு 36 கலோரி, புரதமோ மாவுச்சத்தோ 1 கிராமுக்கு 4, ஆக 40. 1200-ஐ 40-ஆல் வகுத்தால் 30. கொழுப்பு 120 கிராம், புரதம் 18, மாவுச்சத்து 12. நான்கு வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 3 கிராம் மாவுச்சத்து. ஒரு மேசைக்கரண்டி அரிசி பருப்பு சாதத்திலேயே அது தீர்ந்துவிடும்.

ஊத்துக்குளி வெண்ணெயானாலும் நூற்றுக்கு 80 பங்குதான் கொழுப்பு, மீதி பெரும்பாலும் தண்ணீர். நெய் ஏறக்குறைய முழுக் கொழுப்பு. வெண்ணெய்க்குப் பதில் அதே எடைக்கு நெய் விட்டால் விகிதம் மாறிவிடும். கைக்கணக்கு ஆகாது, கிராம் காட்டும் தராசு வேண்டும். தட்டில் ஒட்டிய எண்ணெயும் கணக்கில் சேர்ந்ததுதான், வழித்துக் கொடுக்க வேண்டும்.

ஜனவரி 9
சிரப் பலவற்றில் சர்க்கரையோ சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருளோ இருக்கும். டாக்டரிடம் கேட்டு மாத்திரைக்கு மாற்றவும். காய்ச்சல், இருமல் மருந்துக்கும் இதேதான். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடிக்கக் கூடாது. டோபிரமேட், ஜோனிசமைட் என்ற வலிப்பு மருந்துகளை எடுக்கும் குழந்தைக்கு ரத்தத்தில் அமிலம் கூடும், சிறுநீரகக் கல்லும் வரலாம். அமிலம் கூடுவதைக் காட்டும் ரத்தப் பைகார்பனேட் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், தண்ணீர் குறையக் கூடாது, கல் வராமல் தடுக்கப் பொட்டாசியம் சிட்ரேட் டாக்டர் சொல்லும் அளவில். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து கார்னிடைனைக் குறைக்கும். குழந்தை காரணமில்லாமல் துவண்டு கிடந்தால் ரத்தத்தில் அமோனியாவும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்
"ஒரு வாய்தானே கண்ணு" என்று அமுச்சி (பாட்டி) ஊட்டும் சர்க்கரைப் பொங்கல்தான் இந்த வாரத்துப் பெரிய எதிரி. கொழுப்பை எரிக்கும்போது உடலில் உண்டாகும் கீட்டோன் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், வலிப்பும் திரும்பலாம். கரும்பும் கூடாது. அமுச்சி கையால் கொடுக்க, எடை போட்ட தேங்காய்த் துண்டை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

ஜனவரி 22
வாந்தி, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் "கீட்டோ உணவில் இருக்கிறது" என்பதை முதலில் சொல்ல வேண்டும். டிரிப் தேவைப்பட்டால் குளுக்கோஸ் கலக்காத சலைன். ரத்தச் சர்க்கரை இறங்கியிருந்தால் மட்டும் குளுக்கோஸ், அப்போது தயங்கவும் கூடாது. வாந்தியில் மாத்திரை வெளியே வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் டாக்டர் எழுதிய அளவில் வலிப்பை நிறுத்தும் மிடாசோலம் மருந்து மூக்கு வழியாக, உடனே ஆஸ்பத்திரி.

ஜனவரி 27
வலிப்பு குறைந்ததும் மாத்திரையை நிறுத்தலாமா என்பதே எல்லோர் கேள்வியும். உணவு பலிக்கிறதா என்று தெரியவே 3 மாதம் ஆகும். அதன் பிறகும் டாக்டர் ஒரு நேரத்தில் ஒரு மருந்தைத்தான் குறைப்பார். பினோபார்பிட்டோன், குளோபசாம் இரண்டையும் இன்னும் மெதுவாக.