நீச்சத்தண்ணியும் நார்த்தங்காயும்

தேவகோட்டை அம்மான் வீட்டுக்கு இந்தத் தடவை இரண்டு பாட்டில் கொண்டுவந்தேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் தீர்வை கட்டாமல் இரண்டு லிட்டர் வரை மது கொண்டுவரலாம். முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு என்றால் கணக்குக்குள் அடங்கும். ஒன்று, ஆறு வருஷமாக நான் குடியிருக்கும் பிரான்சின் நாந்த் நகரை ஒட்டி விளையும் மஸ்கதே. மற்றது ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலீசியாவின் அல்பரீனோ. இரண்டும் அட்லாண்டிக் கடற்காற்றில் விளைகிற வெள்ளை ஒயின். இரண்டிலும் இனிப்பு கிடையாது.

"இனிப்பே இல்லாத திராட்சைச் சாறா? அது எதுக்கப்பா?" என்றார் அம்மான். பினாங்கில் முப்பது வருஷம் கடை பார்த்துவிட்டு வந்தவர்.

அதே கேள்வி எனக்கும் இருந்தது. நாந்தில் முதல் நவம்பர், மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், நாள் தவறாமல் தூறல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகத்தில் எல்லோரும் ஆளுக்கொரு கிளாஸ் குடித்துவிட்டுத்தான் கலைவார்கள். நான் ஆரஞ்சு ஜூஸோடு நிற்பேன். யாரும் தப்பாக நினைத்ததில்லை. ஆனால் பேச்சு முழுக்கக் கிளாஸில் இருப்பதைச் சுற்றியே போகும். பிரெஞ்சு ஓரளவு புரிந்தும் அதற்குள் நுழைய என்னிடம் வார்த்தை இல்லை. ஊரை விட்டு வந்தது அந்தச் சாயங்காலங்களில்தான் உறைத்தது.

மார்ச்சில் கூட வேலை செய்யும் ஒருவர் செவ்ர் எ மேன் பக்கத்தில் ஒரு விவசாயி வீட்டுக்கு அழைத்துப் போனார். செவ்ர், மேன் என்று அங்கே ஓடும் இரண்டு ஆறுகளின் பெயர்தான் அந்தப் பகுதிக்கும். தரையில் இரும்பு மூடிகள் வரிசையாக இருந்தன. ஒன்றை விவசாயி திறந்து காட்டினார். கீழே கிணறு மாதிரி ஒரு தொட்டி, உள்சுவர் முழுக்கக் கண்ணாடி ஓடு பதித்திருந்தது. ஆத்தங்குடிக் கல் பாவிய வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்த வழவழப்பு சட்டென்று பிடித்துப்போயிற்று.

சாறு நொதித்து முடிந்ததும் ஈஸ்ட் அடியில் மண்டியாகப் படியும். பல இடங்களில் சீக்கிரமே தெளிவை மட்டும் இறுத்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவார்கள். இங்கே குளிர்காலம் முழுவதும் அந்த மண்டியின் மேலேயே விட்டுவைத்து, மார்ச்சுக்குப் பிறகு நேராகப் பாட்டிலில் அடைக்கிறார்கள். 'சூர் லி' என்று லேபிளில் போட்டிருந்தால் அதுதான் அர்த்தம். நாக்கில் லேசாகச் சுருக்கென்று ஒரு குத்தல் தெரிவதும், ரொட்டி மாவு வாசனை வருவதும் அதனால்தான்.

கிளாஸை நீட்டி "என்ன தெரிகிறது?" என்று கேட்டார். ஒரு வாய் வைத்ததும் அம்மாவைப் பெற்ற ஆயா வீட்டு இரண்டாங்கட்டு ஞாபகம் வந்துவிட்டது. மண்சட்டியில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோறு, காலையில் மேலாக இறுத்து உப்புப் போட்டுக் கொடுக்கும் நீச்சத்தண்ணி. அதே மெல்லிய புளிப்பு, புளித்த மாவின் மணம், கடைசியில் நாக்கு நுனியில் ஒரு உப்பு. தெரிந்த பிரெஞ்சில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, சோற்றை எத்தனை மணி நேரம் ஊறவைப்பீர்கள் என்று கேட்க ஆரம்பித்தார். அன்றைக்கு ஒரு மணி நேரம் நான்தான் பேசினேன். அந்த ஊரில் குடியேறிவிட்டேன் என்று முதன்முதலாகத் தோன்றியதும் அன்றைக்குத்தான்.

மஸ்கதே என்ற பெயரைப் பார்த்து, மஸ்கட் என்கிற வாசனைத் திராட்சை என்று நினைத்துவிட வேண்டாம். இது மெலோன் என்ற வேறு வகை. கிழக்குப் பிரான்சின் பர்கண்டியிலிருந்து வந்தது. 1709-ல் வந்த கொடுங்குளிரில் நாந்த் பக்கத்துக் கொடிகள் பட்டுப்போன பிறகு, குளிர் தாங்கும் இந்தக் கொடிதான் அங்கே பரவியது. பிறந்த ஊரில் இப்போது அதைப் பார்ப்பது அரிது. இதைச் சொன்னபோது அம்மான் ஒன்றும் பேசவில்லை. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து நாம் வந்த கதையைச் சின்ன வயசில் எனக்குச் சொன்னவரே அவர்தான்.

அல்பரீனோவை எனக்குக் காட்டியது கீழ்வீட்டில் குடியிருக்கும், கலீசியாவின் வீகோ ஊர்க்காரம்மா. அவர் ஊரில் கொடியைப் பந்தலில் ஏற்றுகிறார்கள். ஓயாத மழையூர், ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் கருங்கல் தூண் நட்டு ஆள் உயரத்துக்கு மேல் படரவிட்டு, அடியில் காற்று ஓட வைக்கிறார்கள். படத்தைப் பார்த்ததும் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைத் தோட்டம் என்றே நினைத்தேன். பழத்தின் தோல் தடிமன், மணமும் அதிகம். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாலே எலுமிச்சைத் தோல், பீச் பழம். விழுங்கியபின் ஒரு மெல்லிய கசப்பு. எனக்கு அது பச்சை நார்த்தங்காய். மஸ்கதே கிட்டத்தட்ட மணமே இல்லாதது, வாயில் மட்டும் பேசும்.

தேவகோட்டையில் அன்றைக்குத் தொண்டி நண்டு வந்திருந்தது. அம்மான் பெண்சாதி, எங்கள் வழக்கில் அம்மான்மிண்டி, மிளகு தூக்கலாக நண்டு மசாலாவும், சுறாப்புட்டும், அரிசி கழுவிய கழனித் தண்ணியில் வெண்டைக்காய் மண்டியும் செய்திருந்தார்கள். பாட்டில்களைக் காலையிலேயே பிரிட்ஜில் வைத்துவிட்டேன். நம் ஊர் வெக்கையில் கிளாஸில் ஊற்றிப் பத்து நிமிஷத்துக்குள் சில்லென்பது போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பாட்டிலை உடனே உள்ளே வைத்துவிட வேண்டும். அம்மான் ஐஸ் கேட்டார், வேண்டாம் என்றேன். தண்ணீர் கலந்தால் இரண்டுமே செத்துப்போகும்.

நண்டோடு மஸ்கதே தோற்றது. மிளகும் சோம்பும் ஏறியவுடன் அது வெறும் புளித்த தண்ணீராகிவிட்டது. நாந்தில் சமைக்காத சிப்பியோடு அது எப்படி நிற்கும் என்று தெரிந்த எனக்கு வருத்தமாகவே இருந்தது. அல்பரீனோ அசரவில்லை. அதன் பழ மணம் மசாலாவுக்குப் பக்கத்தில் தனியாக எழுந்து நின்றது, புளிப்பு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி அடுத்த வாய்க்கு நாக்கைத் தயார் செய்தது. குளிர்ச்சி குறைந்தபோது மணம் இன்னும் விரிந்தது. ஒரு எச்சரிக்கை மட்டும்: மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் கிளறிவிடும், அதனால் சின்ன வாயாகக் குடிக்க வேண்டும்.

சுறாப்புட்டுக்கு வந்ததும் கதை மாறியது. உதிர்த்த மீன், சின்ன வெங்காயம், பூண்டு, அளவான காரம். அங்கே அல்பரீனோ அத்தர் பூசிக்கொண்டு வந்த விருந்தாளி மாதிரி மீனை மறைத்தது. மஸ்கதே ஒதுங்கி நின்று மீனின் இனிப்பை வெளியே கொண்டுவந்தது. வெண்டைக்காய் மண்டியோடு இன்னும் பொருத்தம், புளிப்புக்குப் புளிப்பு இடம் கொடுத்தது. செட்டிநாட்டுச் சாப்பாடு என்றால் காரம் மட்டுமே என்று வெளியே எழுதுகிறவர்கள் மண்டியையும் சுறாப்புட்டையும் சாப்பிட்டதில்லை என்றே நினைக்கிறேன்.

என்னைக் கேட்டால், விருந்துக்கு அல்பரீனோ, தினசரிக்கு மஸ்கதே. அம்மான் அப்படிப் பிரிக்கவில்லை. மஸ்கதேயின் கடைசி ஊற்றலை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வளவு முற்றத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"ஆத்தா குடுக்குற நீச்சத்தண்ணி மாதிரியே இருக்கப்பா" என்றார். நான் அதுவரை அவரிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை.

"அடுத்த தடவை நண்டுக்காக அல்பரீனோ ரெண்டு கொண்டுவரவா, அம்மான்?"

"நண்டுக்குச் சோறு இருக்கு. நீ இதுலேயே ரெண்டு கொண்டா."