தம்பி மேல் கேஸ் வந்தபோது வக்கீல் தேடிய அனுபவம்

தம்பி மேல் எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது என்று தெரிந்ததும் ஊரில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அரசியல் கட்சிக்காரர் யாரையாவது கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசி முடித்துவிடலாம் என்றார் சித்தப்பா. கொஞ்ச நாள் வெளியூரில் இருந்தால் சூடு ஆறிவிடும் என்றார்கள் தம்பியின் கூட்டாளிகள். முதலில் வக்கீல், மற்றதெல்லாம் பிறகு என்று நான் பிடிவாதமாக நின்றேன். நான் தையல் கடை வைத்திருப்பவள், சட்டம் படித்தவள் இல்லை. எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் கோர்ட் படி ஏறியதும் இல்லை. இதே இடத்தில் திகைத்து நிற்கும் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டம், மானாமதுரைப் பக்கம். வயலுக்குப் போகும் வண்டிப்பாதை யாருக்கு என்று பங்காளிகளுக்குள் ரொம்ப நாளாகப் புகைச்சல். 2024-இல் ஒரு நாள் அது கைகலப்பாகி, பெரியப்பா மகனுக்குத் தலையில் தையல் போடும்படி ஆனது. தம்பிக்கும் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அன்று ராத்திரியே அவனை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே டூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில், அதாவது எல்லோரும் ஏ.ஆர். என்று சொல்வதில், எப்படி அடிபட்டது என்று எழுதிக்கொண்டார். வலிக்குப் பக்கத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொண்டு படுத்திருந்தால் எங்கள் பக்கத்துக்கு ஒரு காகிதமும் இருந்திருக்காது.

எஃப்.ஐ.ஆர். நகலுக்காக யாரிடமும் கெஞ்சவில்லை. பாலியல் குற்றம் போன்ற சில வகை தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் தளத்திலிருந்து பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்தேன். தம்பி ஏ-1, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல் ஆள், அப்பா ஏ-2, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் ஏ-3. சண்டை நடந்த அன்று ஏ-3 ஊரிலேயே இல்லை! பிரிவுகள், ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி), 115(2), 118(1), 351(3): ஆபாசமாகத் திட்டியது, காயப்படுத்தியது, ஆயுதத்தால் காயப்படுத்தியது, கொலை மிரட்டல். புதுச் சட்டம் அந்த வருடம் ஜூலை 1-இல்தான் அமலுக்கு வந்திருந்தது. அதனால் பழைய நம்பர்கள் மட்டும் தெரிந்தவர்கள் எல்லோரும், "சாதா அடிதடி கேஸ்தாம்மா, பெயிலபிள்", அதாவது ஜாமீனில் விடக்கூடியது, என்றே சொன்னார்கள்.

முதலில் பார்த்த வக்கீல் சொந்தக்காரர் ஒருவர் சொல்லி அனுப்பியவர். நான் நீட்டிய எஃப்.ஐ.ஆரை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் தனக்கு வேண்டியவர் என்றார், கைதே ஆகாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், மொத்தமாக ஒரு தொகை கேட்டார், பாதியை இன்றைக்கே கட்டச் சொன்னார். அப்பாவுக்கு அந்தத் தைரியமான பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. பயத்தில் இருப்பவர்களுக்கு அப்படிப்பட்ட பேச்சுதான் தேவைப்படுகிறது. எனக்கோ காகிதத்தைப் படிக்காமல் வாக்குறுதி கொடுக்கிறவரிடம் தம்பியை ஒப்படைக்க மனசு வரவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம்.

அடுத்து மதுரையில் ஒருவரைப் பார்த்தோம். எஃப்.ஐ.ஆரை வரி வரியாகப் படித்தார். "முன்ஜாமீன் மனுவை முதல்ல சிவகங்கை செஷன்ஸ் கோர்ட்ல போடுங்க. அங்க தினமும் நிக்கிற ஆள்தான் உங்களுக்கு வேணும். டிஸ்மிஸ் ஆச்சுன்னா ஹைகோர்ட் மதுரைக் கிளைக்கு வரலாம், அப்ப எங்கிட்ட வாங்க" என்று சொல்லி, ஒரு ரூபாய் வாங்காமல் அனுப்பி வைத்தார். வந்த கேஸை வேண்டாம் என்று சொன்ன அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

மறுநாள் காலையிலேயே சிவகங்கை கோர்ட்டுக்குப் போனேன். வாசலில் இருக்கும் ஜெராக்ஸ், டைப்பிங் கடைகளில் கேட்டால் யார் கிரிமினல் பக்கம், யார் சிவில் பக்கம், யார் உண்மையாகவே தினமும் ஆஜராகிறார் என்று சொல்லிவிடுவார்கள். அதோடு கோர்ட் ஹாலில் பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பொதுவாக விசாரணை எல்லோரும் பார்க்கலாம்படி திறந்த கோர்ட்டில்தான் நடக்கும், பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. யார் கேஸ் கட்டைப் படித்துவிட்டு வந்து பேசுகிறார், யார் வாய்தா மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார் என்பது ஒரு காலை நேரத்திலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. கடைக்காரர்கள் சொன்ன பெயர்களில் ஒருவர், சத்தம் போடாமல், நீதிபதி கேட்டதற்கெல்லாம் தேதியோடு பதில் சொன்னார். சாயங்காலம் அவர் ஆபீஸுக்குப் போனோம்.

அவர் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் கேள்விகளைத்தான் கேட்டார். காயம்பட்டவர் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாரா? தம்பி மேல் முன் வழக்கு எதுவும் இருக்கிறதா? உங்கள் பக்கம் யாருக்காவது காயம் உண்டா, எந்த ஆஸ்பத்திரி, என்ன நேரம்? ஏ-3 திருப்பூரில் இருந்ததற்கு என்ன ஆதாரம்? முன்ஜாமீன் விசாரணையில் நீதிபதி இதே கேள்விகளைத்தான் கேட்டார் என்பதைப் பிறகு நேரில் பார்த்தேன். 118(1), அதாவது ஆயுதத்தால் காயம் ஏற்படுத்துவது, பழைய சட்டத்தில் 324 ஆக இருந்தபோது ஜாமீனில் விடக்கூடிய குற்றம், புதுச் சட்டத்தில் ஜாமீனில் விடமுடியாத குற்றமாக மாறிவிட்டது என்பதை எங்களுக்கு முதலில் சொன்னவரும் அவர்தான்.

பிறகு எங்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டுத் தம்பியைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "அவங்க அப்பன் நான், எனக்குத் தெரியாம என்ன?" என்று முணுமுணுத்துக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஆனால் அது அவசியம். கட்சிக்காரர், அதாவது வழக்கை ஒப்படைத்தவர், வக்கீலிடம் சொல்வது ரகசியம், அவர் சம்மதம் இல்லாமல் வக்கீல் அதை வெளியே சொல்லக்கூடாது என்று சாட்சியச் சட்டமே பாதுகாப்புக் கொடுக்கிறது. வீட்டு ஆட்கள் முன்னால் இளவட்டப் பையன்கள் முழு உண்மையையும் சொல்லமாட்டார்கள். எஃப்.ஐ.ஆரில் சொன்ன மண்வெட்டி யார் கையில் இருந்தது என்பது வக்கீலுக்கு முதல் நாளே தெரிந்தாக வேண்டும். எதிர்த்தரப்பு கோர்ட்டில் சொல்லித்தான் அவருக்கே தெரியவரும் என்றால் அவரால் என்ன செய்யமுடியும்?

ஃபீஸைப் படிப்படியாகப் பிரித்துச் சொன்னார். முன்ஜாமீன் மனுவுக்கு இவ்வளவு, கோர்ட்டில் ஆஜராகி ஜாமீன்தாரர் கொடுப்பதற்கு இவ்வளவு, கேஸ் விசாரணைக்கு வந்தால் அதற்குத் தனி. டைப்பிங், நகல் செலவு இதில் சேராது. எழுதித் தரமுடியுமா என்று கேட்டேன், லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். "விடுதலை ஆனா இவ்வளவுன்னு பேசுறதெல்லாம் கூடாதும்மா, பார் கவுன்சில் விதி அதுக்கு இடம் கொடுக்காது" என்று அவரே சொன்னார். நமக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் வக்காலத்தில் எந்தக் கோர்ட், எந்தக் கேஸ் என்று நிரப்பியதைப் படித்துப் பார்த்த பிறகுதான் தம்பியும் அப்பாவும் கையெழுத்துப் போட்டார்கள். வெறும் படிவத்தில் யார் கேட்டாலும் போடாதீர்கள்.

பணம் இல்லையே என்று கலங்குபவர்கள் கவனத்துக்கு ஒன்று. அந்த வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது 1987-ஆம் வருடச் சட்டம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற நம்பரில் கூப்பிட்டும் கேட்கலாம். கோர்ட் வராந்தாவில் எனக்குப் பழக்கமான ஓர் அக்காவின் வீட்டுக்காரருக்கு அப்படிக் கிடைத்த வக்கீல் ஒரு வாய்தாவைக்கூடத் தவறவிடவில்லை. இலவசம் என்றால் ஏனோதானோ என்றுதான் இருக்கும் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இதற்கிடையே ஸ்டேஷனிலிருந்து தம்பிக்குப் போன். "வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடு." வக்கீல் சொன்னபடி, எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுங்கள், வக்கீலோடு வருகிறேன் என்று மரியாதையாகப் பதில் சொன்னான். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது, கைது தேவையில்லாதபோது ஆஜராகும்படி நோட்டீஸ்தான் தர வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அந்த நோட்டீஸ் 35(3)-இல் வருகிறது. போலீஸ் விசாரணையில் நாம் சொல்வதை எழுதினால் அதில் நம்மிடம் கையெழுத்து வாங்கக்கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது, 181-ஆவது பிரிவு. நோட்டீஸ் வாங்கியதற்குப் போடும் கையெழுத்து வேறு, இது வேறு. அந்த வித்தியாசம் எங்கள் ஊரில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தம்பி எங்கும் ஓடவில்லை, என் வீட்டில்தான் இருந்தான். தலைமறைவு என்று ஒரு வரி எழுதிவிட்டால் முன்ஜாமீனுக்கு அதுவே எதிராக நிற்கும் என்று வக்கீல் எச்சரித்திருந்தார்.

கேட்ட நோட்டீஸ் வரவே இல்லை. அதனால் முன்ஜாமீன்தான் வழி. பெரியப்பா மகன் வார்டில் இருக்கும்போதே மனு விசாரணைக்கு வந்தால் பி.பி., அதாவது அரசு வக்கீல், அதைச் சொல்லியே எதிர்ப்பார் என்று, டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் எங்கள் வக்கீல் மனுவைப் போட்டார். எதிர்த்தரப்பும் ஒரு வக்கீலை வைத்து ஆட்சேபணை சொன்னது. தம்பியின் ஏ.ஆர். விவரம், ஏ-3-இன் திருப்பூர் கம்பெனி வருகைப் பதிவு, முன் வழக்கு இல்லை என்பது, எல்லாம் மனுவிலேயே இருந்தன. மூவருக்கும் முன்ஜாமீன் கிடைத்தது. ஆளுக்கு இரண்டு ஜாமீன்தாரர், தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்பது நிபந்தனை.

ஜாமீன்தாரர் கிடைப்பதுதான் எங்களுக்கு மலையாக இருந்தது. உத்தரவு வந்துவிட்டால் முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். கெடுவுக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஆஜராகிப் பத்திரம் எழுதிக் கொடுக்காவிட்டால் உத்தரவு கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. வீட்டு வரி ரசீது, ஆதார், ரேஷன் கார்டு என்று எல்லாவற்றோடும் ஆட்கள் நேரில் வரவேண்டும். பங்காளிச் சண்டை என்பதால் சொந்தத்தில் பாதிப் பேர் ஒதுங்கிக்கொண்டார்கள். கடைசியில் என் வாடிக்கையாளர்களின் வீட்டுக்காரர்கள்தான் வந்து நின்றார்கள், அந்த நன்றியை மறக்கமாட்டேன். மினி வேன் ஓட்டும் தம்பிக்குக் காலைக் கையெழுத்தால் பிழைப்பே போயிற்று. கொஞ்ச நாள் ஒழுங்காகப் போட்ட பிறகு, வக்கீல் தளர்வு மனு போட்டு அதை வாரத்துக்கு ஒருநாளாகக் குறைத்துத் தந்தார்.

எங்கள் புகாரை ஸ்டேஷனில் வாங்கவில்லை. நடைமுறைச் சட்டத்தின் 173(4)-இன் கீழ் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னார் வக்கீல். அதன் பிறகு எதிர்வழக்கும் பதிவானது. இரண்டு வழக்கையும் ஒரே அதிகாரி விசாரிக்க வேண்டும் என்பது காவல்துறையின் சொந்த விதி என்று சொல்லி அதற்கும் மனு கொடுத்தார். குற்றப்பத்திரிகை வந்தபோது ஏ-3 பெயர் நீக்கப்பட்டிருந்தது. கூடவே தந்த ஆவண நகல்களில் பெரியப்பா மகனின் ஏ.ஆரும் இருந்தது. அதில் "தெரிந்த இரண்டு பேர் கம்பால் தாக்கியதாக" என்று இருந்தது. எஃப்.ஐ.ஆரில் மூன்று பேர், மண்வெட்டி. வக்கீல் அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டுத் தம்பியிடம் காட்டினார்.

அந்த முரண்பாட்டை வைத்துக் குறுக்கு விசாரணையில் ஒரு கை பார்க்கலாம் என்று தம்பி துடித்தான். வக்கீல் அவசரப்படவில்லை. "தம்பி, ரெண்டு கேஸும் நடந்தா ரெண்டு வீட்டுலயும் தண்டனைக்கு வழி இருக்கு. பாதையை சர்வேயர் வச்சு அளந்துட்டா சண்டைக்கே காரணம் இல்லையே" என்றார். கேஸ் நீண்டால் ஃபீஸ் அவருக்குத்தான், இருந்தும் அவர்தான் இதைச் சொன்னார். அளந்தார்கள், இரு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம். 118(1) மாஜிஸ்திரேட் முன் சமரசம் செய்துகொள்ளக்கூடிய பட்டியலில் இல்லை. ஆனால் இப்படிச் சொந்தத் தகராறில் வந்த வழக்குகளை சமரசத்தின் பேரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று 2012-இல் ஞான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மதுரையில் அன்று எங்களைத் திருப்பி அனுப்பினாரே, அவரிடமே போனோம். நடைமுறைச் சட்டத்தின் 528-ஆவது பிரிவில் மனு. இரு தரப்பும் அடையாள அட்டையோடு நேரில் நின்றோம், போலீஸ் எங்களை அடையாளம் காட்டியது, யாராவது மிரட்டிச் சம்மதிக்க வைத்தார்களா என்று நீதிபதி பெரியப்பா மகனிடம் கேட்டார். இல்லை என்றார். இரண்டு வழக்கும் ரத்தாயின.

ரத்து உத்தரவின் சான்றிட்ட நகலைக் கீழ்க்கோர்ட்டில் தாக்கல் செய்து, அங்கே கேஸ் முடிக்கப்பட்டதாகப் பதிவாகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பழைய வாய்தாத் தேதி ஓடிக்கொண்டே இருக்கும், ஆஜராகவில்லை என்று வாரண்ட்கூட வரலாம். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரும் 16 இலக்க சி.என்.ஆர். நம்பரைப் போட்டு இ-கோர்ட்ஸ் தளத்தில் நாமே சரிபார்த்துக்கொள்ளலாம். தம்பிக்கு இப்போது ஒரு கம்பெனியில் டிரைவர் வேலை பேசியிருக்கிறார்கள். போலீஸ் சரிபார்ப்புக்கு அந்த நகலைத்தான் முதல் காகிதமாக வைத்துக் கொடுத்திருக்கிறோம்.