ரூட் பாஸ்வேர்டை ஒன்பது பேரிடமிருந்து திரும்ப வாங்கிய கதை

எங்கள் ஆபீஸில் எட்டு லினக்ஸ் சர்வர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே ரூட் பாஸ்வேர்ட் (ரூட் என்றால் மெஷினில் எதையும் செய்யக்கூடிய தலைமைக் கணக்கு), அது ஒன்பது பேருக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை இரவு பேக்கப் டைரக்டரி காணாமல் போனது. யார் என்ன செய்தார் என்று மெஷின் எழுதிவைக்கும் லாகில் "ரூட்" என்று மட்டும்தான் இருந்தது. ஒன்பது பேரும் "நான் இல்லை" என்றார்கள். அதில் எட்டுப் பேர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை இதைச் சரிசெய்யும் வேலை என் தலையில் விழுந்தது.

ரூட் பாஸ்வேர்டைத் தராமலே ஒருவரைச் சில கமாண்டுகளை ரூட்டாக ஓட்டவிடும் 'சூடோ' 1980 வாக்கிலேயே எழுதப்பட்டது. எங்கள் மெஷின்களிலும் இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்திய ஒன்றிரண்டு பேரும் 'சூடோ சு' என்று அடித்து ரூட்டாகிவிடுவார்கள். அந்த ஒரு வரி லாகில் விழும். அப்புறம் அவர் இரண்டு மணி நேரம் உள்ளே என்ன செய்தார் என்பதற்கு அதில் பதில் கிடையாது.

முதலில் நேரடி ரூட் லாகினை மூடினேன். பிறகு யாருக்கு எந்த கமாண்ட் வேண்டும் என்று ஆளாளுக்குக் கேட்டு எழுதினேன். "எல்லாம் வேண்டும்" என்றார் டேட்டாபேஸ் பார்க்கும் சீனியர். அவரோடு பேசியே இரண்டு நாள் போனது.

யார் எந்த கமாண்டை ஓட்டலாம் என்ற சூடோ விதிகளை, அதற்கென்றே உள்ள 'விசூடோ' மூலமாகத்தான் எழுத வேண்டும். விதி எழுதும் முறையில் பிழை இருந்தால் சேமிக்கும்போதே சொல்லிவிடும். அது ஒரு பிழையும் சொல்லவில்லை, ஆனாலும் விதி வேலை செய்யவில்லை. ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் ஃபைல் பெயரின் நடுவில் ஒரு புள்ளி. விதி ஃபைல்கள் இருக்கும் சூடோயர்ஸ் டைரக்டரியில் பெயரில் புள்ளி உள்ள ஃபைலை சூடோ சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு. வெப் டீமுக்கு சர்வீஸின் ஸ்டேட்டஸ் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்திருந்தேன். பார்ப்பதில் என்ன ஆபத்து? சர்வீஸ்களை நடத்தும் எங்கள் பழைய சிஸ்டம்டியில் அந்த ஸ்டேட்டஸ் நீளமாக இருந்தால், பக்கம் பக்கமாகக் காட்டும் 'லெஸ்' என்ற புரோகிராமுக்குள் திறக்கும். அங்கே ஆச்சரியக்குறி போட்டு 'எஸ்ஹெச்' என்று அடித்தால் முழு ரூட் ஷெல், அதாவது எந்த கமாண்டையும் ரூட்டாக அடிக்கலாம்! நானே அடித்துப் பார்த்து அரண்டுபோனேன். விதியில் 'லெஸ்'ஸைத் திறக்காதே என்று சொல்லும் 'நோ-பேஜர்' ஆப்ஷனையும் சர்வீஸ் பெயரையும் சேர்த்து எழுதினேன். அந்த வரி அப்படியே வந்தால்தான் ஓடும். 'விஐ' எடிட்டரிலும் இதே கதை, அதனால் ஃபைல் திருத்த, எடிட்டரை ரூட்டாக ஓட்டாத 'சூடோஎடிட்' மட்டும் கொடுத்தேன்.

ரூட்டாக இருப்பவர் லாகையும் அழிக்கலாம் இல்லையா? அதனால் ஒவ்வொரு வரியும் உடனுக்குடன் வேறொரு மெஷினுக்குப் போகும்படி வைத்தேன். யார், எந்த டெர்மினல், எந்த டைரக்டரி, எந்த கமாண்ட், எல்லாம் அங்கே இருக்கும். அந்த மெஷினில் எனக்கே படிக்க மட்டும்தான் அனுமதி.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, டேட்டாபேஸில் ஒரு டேபிள் காலியாகிக் கிடந்தது. எல்லார் பார்வையும் அந்த சீனியர் மேல். நேரே என் இடத்துக்கு வந்தார். "தம்பி, ராத்திரி நான் எதையும் தொடலைன்னு அந்த லாகை எடுத்துக் காட்டுப்பா."